தோனியே உள்ளே வந்தாரு, நம்ம ஆளு வந்தா என்ன?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகன். என் போன் கவர் மஞ்சள், பைக் ஸ்டிக்கர் மஞ்சள், போன மாசம் வாங்கின சட்டையும் மஞ்சள். அதனால் இந்தக் கட்டுரையைப் பாதி படித்துவிட்டு "நீ மும்பை ஆளுடா" என்று யாரும் கிளம்பி வரவேண்டாம். குறிப்பாக எங்கள் பி.காம் கடைசி பெஞ்ச் நண்பர்கள். :)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியில் பொங்கல் டோர்னமெண்ட் கமிட்டி கூடியது. டென்னிஸ் பந்து, 6 ஓவர், மொத்தம் 16 டீம். ஒரகடம், படப்பை பக்கமிருந்தெல்லாம் டீம் வரும். பாதி பேர் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்துவிட்டு இங்கே உள்ள கம்பெனிகளில் ஷிப்டுக்குப் போகிறவர்கள். நைட் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, தூங்காமல் நேராக கிரவுண்டுக்கு வருகிறவர்களும் உண்டு.

அந்தக் கூட்டத்தில் நான் ஒரு விதி சொன்னேன். "கோட்டுக்கு வெளியே இருக்கறவங்க யாராவது அம்பயர்கிட்ட சண்டை போட உள்ள வந்தா, அந்த மேட்ச் முடியற வரைக்கும் அவங்க கிரவுண்டுலயே இருக்கக் கூடாது."

ஒரு நொடி அமைதி. அப்புறம் ஒரு அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டார். "ஏம்பா, தோனியே உள்ள வந்தாரு. நம்ம ஆளு வந்தா இன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடித்தான்.

அன்று ஜெய்ப்பூரில் நடந்தது

2019 ஏப்ரல் 11. ராஜஸ்தான் ராயல்ஸ் அடித்தது 151. நாம் 24 ரன்னுக்கு 4 விக்கெட். அப்புறம் ராயுடுவும் தோனியும் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள். கடைசி ஓவர், பென் ஸ்டோக்ஸ், தேவை 18 ரன். ஜடேஜா கீழே விழுந்துகொண்டே ஒரு சிக்ஸர் அடித்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அதே ஓவரில் தோனி 58 ரன்னில் போல்டு ஆகி வெளியே போனார்.

அடுத்து சான்ட்னர் இறங்கினார். ஸ்டோக்ஸ் ஒரு புல்டாஸ் போட்டார். பந்துவீசும் பக்கம் நின்ற அம்பயர் உல்லாஸ் கந்தே நோ பால் என்று கையை நீட்டினார். ஸ்கொயர் லெக்கில் நின்ற புரூஸ் ஆக்ஸன்போர்டு ஒத்துக்கொள்ளவில்லை. கை இறங்கிவிட்டது. ஜடேஜா போய்ப் பேசினார். அப்போதுதான் அது நடந்தது. அவுட் ஆகி டக்-அவுட்டில் இருந்த தோனி, விறுவிறுவென்று மைதானத்துக்குள் நடந்து வந்தார். கையை நீட்டிப் பேசினார். அவரை அப்படி அதற்குமுன் நாம் பார்த்ததே இல்லை.

அப்போது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு ஹாலில் ஸ்டூல்மேல் ஏறி நின்று கத்தினேன். "தல உள்ள வர்றாருடா!" என் அப்பாவும் கத்தினார். அம்மா மட்டும், "அவரு அவுட் ஆயிட்டாரே, எதுக்கு மறுபடி வர்றாரு?" என்று கேட்டார். அன்று அம்மாவுக்குக் கிரிக்கெட் தெரியாது என்று நினைத்தேன். இன்று யோசித்தால் அன்றைக்கு எங்கள் வீட்டில் கிரிக்கெட் தெரிந்த ஒரே ஆள் அம்மாதான்.

நடந்தது என்ன? தோனி வந்து பேசியதால் தீர்ப்பு மாறவில்லை. நோ பால் கிடைக்கவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. கடைசிப் பந்தில் சான்ட்னர் சிக்ஸர் அடித்து ஜெயிக்க வைத்தார். அந்த வெற்றி சான்ட்னர் அடித்த பந்தால் வந்தது. தோனி பேசிய பேச்சால் வரவில்லை. தோனிக்குத் தண்டனை, மேட்ச் சம்பளத்தில் 50 சதவீதம் அபராதம். அவ்வளவுதான்.

இதற்கெனவே ஒரு விளையாட்டு இருக்கிறது

அமெரிக்காவின் பேஸ்பாலில் இந்த மாதிரி காட்சிகள் ஒரு தனி கலை. யூட்யூபில் தேடினால் ஒரு ராத்திரி முழுக்கப் பார்க்கலாம் (நான் பார்த்தேன், அடுத்த நாள் காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல் இருந்தது, அது வேற கதை).

அங்கே தலைமைக் கோச்சை மேனேஜர் என்கிறார்கள். அம்பயர் ஒரு தீர்ப்பு சொல்வார். பிடிக்காத மேனேஜர் பெஞ்சிலிருந்து எழுந்து வருவார். முகத்துக்கு முகம் நின்று கத்துவார். தொப்பியைக் கழற்றி வீசுவார். மண்ணைக் காலால் தள்ளி அம்பயரின் ஷூவை மூடுவார். பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் ஏர்ல் வீவர் என்று ஒருவர் இருந்தார். தொப்பியின் முன்பக்கம் அம்பயர் மேல் பட்டால் வம்பு என்று, தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு மூக்குக்கு மூக்கு நின்று கத்துவார்!

ஓரளவுக்கு அம்பயர் பொறுத்துக்கொள்வார். எல்லை தாண்டினால் கையைச் சுழற்றி ஒரு சைகை. அவ்வளவுதான், அந்த மேனேஜர் அன்றைய ஆட்டத்திலிருந்து காலி. பெஞ்சில்கூட உட்காரக் கூடாது. உள்ளே அறைக்குப் போய்விட வேண்டும். போக மறுத்தால் ஆட்டத்தையே எதிரணிக்குக் கொடுத்துவிட அம்பயருக்கு அதிகாரம் உண்டு. அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் பாபி காக்ஸ் இப்படித் தன் வாழ்நாளில் 150 தடவைக்கு மேல் வெளியேற்றப்பட்டவர். அதுதான் சாதனை. அந்த மனுஷர் பேஸ்பாலின் புகழ் மண்டபத்திலும் இருக்கிறார்.

1999-ல் இன்னும் பெரிய கூத்து. நியூயார்க் மெட்ஸ் அணியின் பாபி வாலண்டைன் வெளியேற்றப்பட்ட பிறகு, கறுப்புக் கண்ணாடியும் ஒட்டு மீசையும் வைத்துக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பி வந்து நின்றார். நம்மூர் சினிமாவில் கன்னத்தில் மச்சம் வைத்தால் ஆளே அடையாளம் தெரியாதே, அந்த மாதிரி. கேமராவில் மாட்டிக்கொண்டார். 2 ஆட்டத் தடையும் 5,000 டாலர் அபராதமும் கிடைத்தது.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்தபிறகு ஒன்று எனக்கு உறைத்தது. கத்துகிற ஆளுக்குத் தான் ஜெயிக்கமாட்டோம் என்று தெரியும். பந்து ஸ்ட்ரைக்கா இல்லையா என்பதற்கெல்லாம் வாக்குவாதமே கூடாது என்று அவர்கள் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. தெரிந்துதான் வருகிறார். தன் ஆட்டக்காரன் கோபத்தில் ஏதாவது சொல்லி வெளியேறிவிடக் கூடாது என்று, குறுக்கே வந்து தான் திட்டு வாங்கிக்கொள்கிறார். தான் வெளியே போய் அவனை உள்ளே வைக்கிறார். பாபி காக்ஸை அவருடைய ஆட்டக்காரர்கள் கொண்டாடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதாவது அங்கே கோபத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை, கோபப்பட்டவரே, அந்த ஆட்டத்திலேயே, உடனே கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டால் மற்றவர்கள் தொடர்ந்து ஆடலாம்.

அபராதம் என்றால் என்ன?

இந்த இடத்தில் ஒரு காமர்ஸ் மாணவனாக நாலு வார்த்தை (ஓடாதீங்க).

வருமான வரிப் பாடத்தில் ஒரு விஷயம் வரும். தொழில் செய்கிறவர் வாடகை, சம்பளம், கரண்ட் பில் எல்லாவற்றையும் செலவாகக் காட்டி லாபத்தைக் குறைக்கலாம். ஆனால் சட்டத்தை மீறியதற்காகக் கட்டிய அபராதத்தைச் செலவாகக் காட்ட முடியாது. ஏன்? காட்ட விட்டால் சட்டத்தை மீறுவதும் டீச்செலவு மாதிரி ஒரு செலவு ஆகிவிடும். "மீறினா இவ்வளவு ஆகும், பரவாயில்ல, கட்டிக்கலாம்" என்று முதலிலேயே பட்ஜெட் போட்டுவிடுவார்கள். அபராதம் விலைப்பட்டியல் ஆகிவிடக் கூடாது என்பதுதான் அதன் நியாயம்.

2019-ல் தோனியின் சீசன் சம்பளம் 15 கோடி. அவருக்கு அரை மேட்ச் சம்பளம் என்பது என்ன? நம் கையிலிருந்து ஷேர் ஆட்டோ சில்லறை கீழே விழுகிற மாதிரி. அதுவும் ஆட்டம் முடிந்த பிறகு.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 2022 ஏப்ரல் 22, மும்பை வான்கடே. டெல்லிக்குக் கடைசி ஓவரில் 36 ரன் வேண்டும், அதே ராஜஸ்தான்தான் எதிரணி. மெக்காய் வீசிய முதல் 3 பந்தையும் பவல் சிக்ஸருக்கு அனுப்பினார். மூன்றாவது பந்து இடுப்புக்கு மேலே வந்த புல்டாஸ் என்று டெல்லி கேட்டது. அம்பயர்கள் நோ பால் கொடுக்கவில்லை. கேப்டன் ரிஷப் பந்த் எல்லைக்கோட்டருகே நின்று பேட்ஸ்மேன்களை வெளியே வரச்சொல்லிக் கை காட்டினார். உதவிக் கோச் பிரவீன் ஆம்ரே மைதானத்துக்குள் நடந்தே போய்விட்டார். டெல்லி 15 ரன்னில் தோற்றது. பந்துக்கு முழு மேட்ச் சம்பளமும் அபராதம். ஆம்ரேவுக்கு முழுச் சம்பளமும் போய், ஒரு ஆட்டத் தடையும் சேர்ந்துகொண்டது.

கவனித்தீர்களா? இருவரும் செய்தது ஒரே காரியம். கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்கள். ஒருவருக்கு அரைச் சம்பளம், இன்னொருவருக்கு முழுச் சம்பளமும் தடையும். 3 வருஷத்தில் கடுமை கூடியது என்று சமாதானம் சொல்லலாம். உதவிக் கோச்சைத் தடை செய்வது சுலபம், தலயைத் தடை செய்வது கஷ்டம் என்றும் சொல்லலாம். இரண்டாவது சமாதானம்தான் எனக்கு உண்மையாகப் படுகிறது. (இங்கேதான் பாதி நண்பர்கள் போய்விட்டிருப்பார்கள். மீதி இருப்பவர்களுக்கு நன்றி.)

கிரிக்கெட்டில் வெளியே அனுப்பும் விதியே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2017 அக்டோபர் 1 முதல் எம்.சி.சி. சட்டங்களில் 42-வது சட்டமாக அது இருக்கிறது. அம்பயரின் தீர்ப்பைக் கடுமையாக எதிர்த்தால் எதிரணிக்கு 5 ரன். அம்பயரை மிரட்டினால் சில ஓவர்களுக்கு வெளியே. கை வைத்தால், கை வைப்பேன் என்று மிரட்டினால், ஆட்டம் முழுக்க வெளியே. நாடுகள் மோதும் சர்வதேச ஆட்டங்களுக்கு இதில் கடைசிப் படியை மட்டும்தான் எடுத்துக்கொண்டார்கள். விதியே இருக்கிறது, பெரிய ஆட்களுக்கு முன்னால் அதன் நடுப்பக்கம் மட்டும் காணாமல் போய்விடுகிறது!

அப்போ அநியாயத்தைக் கேட்கவே கூடாதா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். இதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான உதாரணம் ஒரு தமிழனுடையது.

1995 பாக்சிங் டே, மெல்போர்ன். முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று அம்பயர் டேரல் ஹேர் 7 தடவை நோ பால் கொடுத்தார். 1996-ல் பரிசோதனை எல்லாம் செய்து, முரளியின் கை பிறவியிலேயே முழுதாக நீளாது என்று தெரிந்த பிறகும், 1999 ஜனவரி 23 அன்று அடிலெய்டில் இங்கிலாந்துடனான ஆட்டத்தில் ராஸ் எமர்சன் மறுபடி நோ பால் கொடுத்தார். கேப்டன் அர்ஜுன ரணதுங்க, எமர்சனை நோக்கி விரலை ஆட்டிப் பேசினார். அணியைக் கூட்டிக்கொண்டு எல்லைக்கோடு வரை நடந்துவிட்டார். பேச்சுவார்த்தை நடந்து ஆட்டம் தொடர்ந்தது. இங்கிலாந்து 302. மகேல ஜெயவர்தன 120 அடித்து, இலங்கை ஒரு விக்கெட்டில் ஜெயித்தது. ரணதுங்கவுக்கு அபராதமும், நிறுத்திவைக்கப்பட்ட 6 ஆட்டத் தடையும்.

ரணதுங்க செய்தது தப்பா? என்னால் தப்பு என்று சொல்ல முடியவில்லை. அவர் ஒரு பந்துக்காக நிற்கவில்லை. தன் ஆட்டக்காரன் ஒருவனை உலகத்தின் முன்னால் திருடன் மாதிரி நிறுத்துகிறார்கள், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்று நின்றார். அன்று அவர் நிற்காமல் இருந்திருந்தால் 2010-ல் முரளி 800 டெஸ்ட் விக்கெட்டோடு விடைபெற்றிருப்பாரா என்று யோசிக்கத் தோன்றுகிறது.

ஆனால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். அப்படிப்பட்ட காரணத்துக்காக நிற்கிறவர், அதற்கான விலையைக் கொடுக்கத் தயாராகத்தான் நிற்பார். நியாயம் பெரியது என்றால் வெளியே போவது சின்ன விஷயம். "நான் கேட்கவும் வேண்டும், எனக்கு ஒன்றும் ஆகவும் கூடாது" என்றால் அது நியாயத்தைக் கேட்பது ஆகாது, செல்வாக்கைக் காட்டுவது ஆகும்.

எதிர் உதாரணமும் உண்டு. 1981 மெல்போர்ன். லில்லி பந்தில் எல்.பி.டபிள்யூ. கொடுக்கப்பட்ட கவாஸ்கர், கோபத்தில் கூட நின்ற சேத்தன் சௌஹானையும் இழுத்துக்கொண்டு வெளியே நடந்தார். எல்லைக்கோட்டில் நின்ற இந்திய அணி மேனேஜர் துரானி, சௌஹானைத் தடுத்து ஆட்டத்துக்குத் திருப்பி அனுப்பினார். அந்த டெஸ்டில் கடைசியில் ஆஸ்திரேலியாவை 83 ரன்னில் சுருட்டினோம், கபில்தேவ் 5 விக்கெட், வெற்றி 59 ரன்னில். கவாஸ்கர் பிறகு தன் செயலுக்காக வருத்தப்பட்டார். அன்று மேனேஜரும் கேப்டனோடு சேர்ந்து கத்தியிருந்தால் அந்த 83 நமக்குக் கிடைத்திருக்காது.

எங்கள் ஊர் கிரவுண்டில் நடந்தது

இப்போது நான் ஏன் இதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று சொல்ல வேண்டும்.

போன பொங்கல் டோர்னமெண்டில் நான் அம்பயர். ஒரு நாளைக்கு 300 ரூபாய், மதியம் ஒரு பிரியாணிப் பொட்டலம். செமி பைனல். கடைசி ஓவர், 3 பந்தில் 5 ரன் வேண்டும். பேட்ஸ்மேன் தட்டிவிட்டு ஓடினான். என் பக்கம் ரன் அவுட் அப்பீல். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ரன் அவுட்டுக்கு அம்பயர் பக்கவாட்டில் ஓடி, கோட்டுக்கு நேராக நின்று பார்க்க வேண்டும். நான் நின்ற இடத்திலேயே மரம் மாதிரி நின்றேன். எனக்குத் தெரிந்தது பேட்ஸ்மேனின் முதுகு மட்டும்தான். நாட் அவுட் என்றேன்.

பந்துபோட்ட டீமை நடத்துகிறவர் உள்ளே வந்தார். 45 வயசு இருக்கும். பசங்களுக்கு பேட், பந்து, டீஷர்ட் எல்லாம் சொந்தக் காசில் வாங்கித் தருகிற மனுஷர். முதலில் "கோட்ட பாத்தியா தம்பி?" என்றுதான் கேட்டார். நான் "பாத்தேண்ணா" என்றேன். பொய். அப்புறம் அவர் குரல் ஏறியது. கடைசியாக, "எவ்ளோ வாங்கின?" என்று கேட்டார்.

அந்த வார்த்தைதான். 300 ரூபாய்க்கு வெயிலில் நின்றவனிடம் அதைக் கேட்டால் எப்படி இருக்கும்? நானும் கத்தினேன். இரண்டு பக்கமும் பசங்கள் உள்ளே வந்தார்கள். கமிட்டி வந்தது. யாரும் யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. எல்லோரும் எல்லோருக்கும் அண்ணன், மாமா, பங்காளி. 40 நிமிஷம் போனது. வெளிச்சம் போய்விட்டது. பந்து தெரியவில்லை. கடைசியில் டாஸ் போட்டு பைனலுக்கு யார் என்று முடிவு செய்தார்கள். கத்தினவரின் டீம் டாஸில் தோற்றது.

அன்று ராத்திரி வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. கோட்டுக்கு நேராக நின்று யாரோ எடுத்தது. அவுட். ஒரு ஜாண் வித்தியாசத்தில் தெளிவான அவுட்.

எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ஓவரைப் போட்ட பையன் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறவன். என்னைவிட ரெண்டு வயசு பெரியவன். அந்த மேட்சுக்காக இன்னொருத்தரிடம் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தான். ஒரு வாரம் கழித்து பஸ் ஸ்டாப்பில், கம்பெனி பஸ்ஸுக்கு ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். கிட்டே போய், "அண்ணா, அன்னிக்கு அது அவுட்டுதான். நான் தப்பா குடுத்துட்டேன்" என்றேன்.

அவன் சிரித்தான். "அத வுடுப்பா, எல்லாருக்கும் நடக்கறதுதான். அந்த ரெண்டு பால போட வுட்ருந்தா போதும்."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான்.

அந்த ரெண்டு பால். நான் தப்பாகக் கொடுத்த பிறகும் அவனிடம் 2 பந்து இருந்தது. 5 ரன்னைக் காப்பாற்ற அவனுக்கு வாய்ப்பு இருந்தது. என் தப்பு அவனிடமிருந்து ஒரு விக்கெட்டை எடுத்தது. அந்த 40 நிமிஷம் அவனிடமிருந்து மேட்சையே எடுத்துவிட்டது. அவனுக்காகக் கத்துகிறேன் என்று வந்தவரும், மரியாதைக்காகக் கத்துகிறேன் என்று நின்ற நானும் சேர்ந்துதான் அதை எடுத்தோம்.

கமிட்டி அண்ணனின் கேள்விக்குப் பதில் எனக்கு இங்கேதான் கிடைத்தது. தோனி உள்ளே வந்தபோது அந்த ஆட்டம் நின்றுபோகவில்லை. மேலே மேட்ச் ரெப்ரீ இருந்தார், கேமரா இருந்தது, விளக்கு இருந்தது. நம்மூரில் ஒருவர் உள்ளே வந்தால் வெளிச்சம் போய்விடும். அங்கே ஒருவர் கோபப்பட்டால் அபராதம் கட்டுவது அவர். இங்கே ஒருவர் கோபப்பட்டால் அபராதம் கட்டுவது ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்த பையன்.

வெளியே அனுப்புகிற விதி அம்பயரின் கௌரவத்துக்கு என்று இதுநாள் வரை நினைத்திருந்தேன். இப்போது எனக்கு அது மிச்சமிருக்கும் பந்துகளுக்கான விதியாகத் தெரிகிறது.

அம்பயருக்கும் ஒரு விதி

ஒருதலைப்பட்சமாக எழுதிவிட்டேன் என்று வேண்டாம். தப்பு செய்கிற அம்பயரைப் பற்றியும் பேச வேண்டும். அன்று தப்பு செய்தது நான்தானே.

2010 ஜூன் 2. டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் ஆர்மாண்டோ கலாராகா, எதிரணியின் 26 பேரை வரிசையாக அவுட் ஆக்கியிருந்தார். இன்னும் ஒரே ஒரு ஆள். அவரையும் ஆக்கிவிட்டால் பேஸ்பாலில் மிக அபூர்வமான சாதனை. 27-வது ஆளும் தெளிவாக அவுட். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் அவுட் இல்லை என்றார். மேனேஜர் ஜிம் லேலண்ட் வந்து கத்தினார். தீர்ப்பு மாறவில்லை. ஆட்டம் முடிந்து வீடியோவைப் பார்த்த ஜாய்ஸ், தான் தப்பு செய்துவிட்டதாக வெளிப்படையாகச் சொல்லி, கலாராகாவிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த நாள் ஆட்டத்துக்கும் ஜாய்ஸ்தான் அம்பயர். ஆட்டக்காரர் பட்டியலை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர் கலாராகா. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் ஞாபகம் வந்தது.

தப்பைத் திருத்த வழி வைத்தால் சண்டை குறையும். பேஸ்பாலில் 2014-ல் மேனேஜர்களுக்கு ரீப்ளே கேட்கும் உரிமையை விரிவாகக் கொடுத்தார்கள். 2026 சீசனிலிருந்து ஸ்ட்ரைக்கா இல்லையா என்பதற்கும் கருவியிடம் முறையிடலாம் என்று 2025 செப்டம்பரில் முடிவு செய்தார்கள். நம் ஐ.பி.எல்.லிலும் 2023 முதல் ஒயிடு, நோ பாலுக்கு ரிவ்யூ கேட்கலாம். 2019-ல் இது இருந்திருந்தால் தோனி உள்ளே வந்திருக்கவே வேண்டாம்.

எங்கள் கிரவுண்டில் கருவி கிடையாது. அதனால் கமிட்டிக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது இவ்வளவுதான்:

1. இரண்டு பக்க அம்பயரும் ஆடாத டீமிலிருந்து வரவேண்டும். (இப்போது ஸ்கொயர் லெக்கில் நிற்பது பேட்டிங் டீம் ஆள். கம்பெனி முதலாளியே தன் கணக்கைத் தணிக்கை செய்கிற மாதிரி!)

2. சந்தேகம் என்றால் கேப்டன் மட்டும் கேட்கலாம், ஒரு நிமிஷம். அம்பயர் இன்னொரு அம்பயரிடம் கேட்டே ஆகவேண்டும். சரியாகப் பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

3. வெளியிலிருந்து யார் உள்ளே வந்தாலும் அந்த ஆட்டம் முடியும்வரை வெளியே. போகாவிட்டால் எதிரணிக்கு 5 ரன். அடுத்த ஆட்டத்துக்குத் தாராளமாக வரலாம், பழைய கணக்கு கிடையாது.

கமிட்டியில் வந்த எதிர்ப்பு ஒன்றே ஒன்றுதான். "45 வயசு மனுசன, டோர்னமெண்டுக்கு நன்கொடை குடுக்கறவர, 20 வயசு பையன் வெளிய போன்னு சொல்றதா? மரியாதையா இருக்குமா?"

நியாயமான கேள்வி. கையைச் சுழற்றி விரட்டுவது அமெரிக்கா ஸ்டைல், நமக்குச் சரிப்படாது. அதனால் ஒரு யோசனை சொன்னேன். அம்பயர் கமிட்டியைப் பார்த்துக் கையை மட்டும் தூக்கட்டும். கமிட்டியில் வயசில் மூத்தவர் ஒருவர் போய், தோளில் கை போட்டு, "வாங்கண்ணே, ஒரு டீ சாப்ட்டு வரலாம்" என்று ரோட்டோரக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடட்டும். ஆட்டம் முடியும்வரை டீ. செலவு கமிட்டியுடையது. வடை வேண்டுமென்றாலும் வாங்கித் தரலாம்.

இதற்கும் சிரித்தார்கள். ஆனால் இந்தத் தடவை அந்த அண்ணன், "எழுதிக் குடுடா, வர ஞாயித்துக்கெழம பேசலாம்" என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகும் என்று தெரியாது. போன வருஷம் என்னிடம் கத்தினவரும் அந்தக் கூட்டத்துக்கு வருவார். அவரிடம் இன்னும் நான் "அது அவுட்டுதாண்ணா" என்று சொல்லவில்லை. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லலாம் என்று இருக்கிறேன். அவர் டீமுக்காக அந்தப் பையன் இந்தத் தடவையும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வருகிறானாம்.

உங்கள் ஊர் கிரவுண்டில் இந்த மாதிரி ஆட்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? தெரிந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள்!

பி.கு.: தல, மன்னிச்சுக்கோங்க. இப்பவும் நான் உங்க ரசிகன்தான். :)